“தகவல் களவு போகாது, சேவைதான் நிற்கும்” என்கிற ஓட்டையை எப்படி எடை போடுவது?

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. சுருக்கிச் சொன்னால்: கணக்காய்வுக்கு வந்தவர்கள் சேவரை ஸ்கேன் பண்ணி ஒரு அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அதில் சிவப்பு எழுத்தில் சிவிஇ-2022-0778 (ஓட்டைக்குக் கொடுக்கும் பொது இலக்கம்), ஓப்பன்எஸ்எஸ்எல் (இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் லைப்ரரி), சேவை மறுப்பு, பத்துக்கு 7.5 புள்ளி. சேவரில் இருப்பது உபுண்டு 20.04 லினக்ஸ். வந்த அப்டேட் எல்லாம் போட்டபிறகும் ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு 1.1.1எஃப் என்றே காட்டுகிறது, அறிக்கையோ 1.1.1என் வேண்டும் என்கிறது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் உள்ள கிளைகள் ஓப்பன்வீபிஎன் வழியாக இந்தச் சேவரோடு சேர்கின்றன. “தகவல் ஒன்றும் களவு போகாதாம் அண்ணன், அப்ப அடுத்த வருசம் புதுச் சேவர் வாங்கும் வரைக்கும் விடலாமா?”

விடக்கூடாது தம்பி. ஆனால் அறிக்கையில் சிவப்பாகக் கிடக்கும் அந்தச் சேவரில் ஓட்டை ஏற்கெனவே அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அறிக்கை எட்டிக்கூடப் பார்க்காத வேறு பெட்டிகளில் அது திறந்து கிடக்கவும் வாய்ப்பு இருக்கிறது. 7.5 என்பதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், களவு போகாது என்பதைக் கேட்டு ஆறுதல்படவும் வேண்டாம். இந்த ஓட்டைக்கு நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெட்டி யார் யாருடைய சான்றிதழை (தான் இன்னார் என்று ஒரு கணினி மற்றதற்குக் காட்டும் அடையாள அட்டை) திறந்து வாசிக்கிறது? அதற்கு விடை தெரிந்தால் எதை இன்றைக்கே செய்யவேண்டும், எதை ஆறுதலாகச் செய்யலாம் என்பது தானாகப் பிரிந்துவிடும்.

கூகிளில் வேலை செய்யும் டாவிஸ் ஓர்மண்டி 2022 பெப்ரவரி 24ஆம் திகதி இதை ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவுக்கு அறிவித்தார். அதே கூகிளைச் சேர்ந்த டேவிட் பெஞ்சமினும் ஓப்பன்எஸ்எஸ்எல் தரப்பில் தொமாஷ் ம்ராசும் திருத்தத்தை எழுத, மார்ச் 15இல் 1.1.1என், 3.0.2 ஆகிய பதிப்புகள் வெளிவந்தன. அந்த மார்ச் நமக்கெல்லாம் மறக்காது. மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். சேவரை நிறுத்த வெளியிலிருந்து எவனும் மினக்கெடத் தேவை இருக்கவில்லை.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கொஞ்சம் கணிதம் வரும், ஆனால் ஓ.எல். கணக்குக்கு மேலே போகாது.

சான்றிதழுக்குள் ஒரு பொதுச் சாவி இருக்கும். நீள்வளைய வளையி வகைச் சாவி என்றால் அது வளையியில் கிடக்கும் ஒரு புள்ளி; எக்ஸ், வை என்று இரண்டு ஆள்கூறுகள். 256 பிட் வளையியில் இரண்டையும் எழுதினால் 65 பைட் வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க எக்ஸை மட்டும் எழுதி, வைக்கு வரக்கூடிய இரண்டு விடைகளில் எது என்று காட்ட முன்னால் 02 அல்லது 03 போட்டால் 33 பைட்டில் முடிந்துவிடும். இதுதான் சுருக்கிய வடிவம். வாசிக்கும் மென்பொருள் சமன்பாட்டில் எக்ஸைப் போட்டு வையின் வர்க்கத்தைக் கண்டுபிடிக்கும். பிறகு அதற்கு வர்க்கமூலம் எடுக்கவேண்டும். நாம் பள்ளிக்கூடத்தில் எடுத்த வர்க்கமூலம் இல்லை. ஒரு பெரிய முதன்மை எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் கணக்கில் வர்க்கமூலம். அந்த முதன்மை எண் 13 என்று வையுங்கள். 6இன் வர்க்கம் 36, 13ஆல் வகுத்தால் மீதி 10. ஆகவே அந்தக் கணக்கில் 10இன் வர்க்கமூலம் 6. பெரிய எண்களுக்கு இதைக் காண டொனெல்லி–ஷாங்க்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. ஓட்டை இருந்தது, ஓப்பன்எஸ்எஸ்எல்லில் அந்த முறையை எழுதியிருந்த இடத்தில்.

அந்த முறையின் நடுவில், கையில் இருக்கும் ஒரு எண்ணை அது 1 ஆகும்வரை திரும்பத் திரும்ப வர்க்கித்துக்கொண்டு போவார்கள். எத்தனை தரம் வர்க்கித்தோம் என்பதுதான் தேவை. 13இல், 8இலிருந்து தொடங்குங்கள்: 64, மீதி 12. 12இன் வர்க்கம் 144, மீதி 1. இரண்டு தரத்தில் வேலை முடிந்தது. அடியில் இருப்பது உண்மையிலேயே முதன்மை எண் என்றால், இந்த முறை தேர்ந்தெடுக்கும் எண் ஒரு எல்லைக்குள் கட்டாயம் 1இல் வந்து விழும். இப்போது 13ஐ எடுத்துவிட்டு 15ஐ வையுங்கள். 15 முதன்மை எண் இல்லை. 6இலிருந்து தொடங்குங்கள்: 36, மீதி 6. திரும்ப 36, திரும்ப 6. விடியவிடிய வர்க்கித்தாலும் 6தான்.

எழுதியவர்கள் எல்லை வைக்காமலும் இல்லை. எண்ணிக்கை எல்லைக்குச் சமமானால் பிழை என்று சொல்லி வெளியே வா என்று எழுதியிருந்தார்கள். கோளாறு எங்கே என்றால், எண்ணிக்கை 1இல் தொடங்குகிறது. முதலில் ஒன்றைக் கூட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் சமமா என்று பார்க்கிறது. வெளி லூப் அடுத்த சுற்று வரும்போது எல்லை 1 ஆகக் குறைந்துவிட்டால், பார்க்கிற நேரம் எண்ணிக்கை ஏற்கெனவே 2. பிறகு 3, 4, 5 என்று போகும். 1 பின்னால் போய்விட்டது. களுவாஞ்சிகுடி தாண்டியபிறகு வரும் கல்லாற்றில் கல்முனை பஸ்ஸில் ஏறி, “களுவாஞ்சிகுடி வந்ததும் இறக்கிவிடுங்க” என்று கொண்டக்டரிடம் சொன்ன கதைதான். திருத்தம் சின்னது: சமமா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எல்லையைவிடக் குறைவாக இருக்கும்வரை மட்டும் சுற்று என்று லூப்பின் தலைப்பிலேயே எழுதினார்கள்.

சரி, முதன்மை அல்லாத எண்ணை அடியில் யார் வைப்பார்கள்? சான்றிதழை எழுதுகிறவன் வைக்கலாம், வினை அங்கேதான். வழமையாகச் சான்றிதழில் ‘பி-256’ என்பதுபோல் வளையியின் பெயர் மட்டும் இருக்கும். அதன் எண்கள் லைப்ரரிக்குள் நிலையாக இருக்கும், வெளியிலிருந்து தொட முடியாது. ஆனால் பெயருக்குப் பதிலாக வளையியின் எண்கள் முழுவதையும் சான்றிதழுக்குள்ளேயே எழுதும் பழைய வழி ஒன்றும் உண்டு. இணையச் சான்றிதழ்களில் அப்படி எழுதக்கூடாது என்று ஆர்எஃப்சி 5480 என்ற இணைய விதிமுறை ஆவணம் 2009ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. சொன்னாலும், அதை வாசிக்கிற கோட் லைப்ரரிகளில் அப்படியே கிடந்தது. 2020 ஜனவரியில் விண்டோஸைப் பிடித்தாட்டிய சிவிஇ-2020-0601உம் இதே வாசலால் உள்ளே வந்ததுதான். அது போலிச் சான்றிதழை நல்லது என்று நம்பவைத்தது, இது வாசிக்கிறவனை உறையவைக்கிறது. எவரும் பாவிக்காத வசதிகளைக் கழற்றாமல் வைத்திருக்கும் பழக்கத்தின்மேல் எனக்கு உள்ள கோபத்தை வேறொரு நாள் எழுதுகிறேன்.

அடுத்ததுதான் உங்களுக்கு முக்கியம். சான்றிதழில் உள்ள கையொப்பம் சரியா பிழையா என்று பார்ப்பதற்கு முன்னமே அதைப் பிரித்து வாசித்தாக வேண்டும். இந்த லூப் வாசிக்கும் கட்டத்தில் சிக்குகிறது. ஆகவே தாக்குகிறவனிடம் நீங்கள் கொடுத்த சான்றிதழ் தேவையில்லை, பாஸ்வேர்ட் தேவையில்லை, எந்த நிறுவனத்தின் ஒப்பமும் தேவையில்லை. தானே ஒரு பொய்ச் சான்றிதழைச் செய்து நீட்டினால் போதும். அது பொய் என்று கண்டுபிடிக்கிற இடத்துக்கு உங்கள் மென்பொருள் போய்ச்சேராது.

உங்கள் சங்கத்தில் அதை யாரிடம் நீட்டலாம்? வலைத்தளத்தைத் தரும் என்ஜின்எக்ஸை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அது தன் சான்றிதழைக் காட்டுகிறதே தவிர, வருகிறவரிடம் சான்றிதழ் கேட்பதில்லை. கேட்காதவரை இந்த வழியால் அதைச் சிக்கவைக்க முடியாது. அறிக்கை எழுதியவர்கள் வலைத்தளத்துக்கான 443ஆம் போர்ட்டுக்கு நேரே சிவப்புக் கோடு போட்டிருந்தால் அது பெரும்பாலும் பதிப்பு எழுத்தைப் பார்த்துப் போட்ட கோடு.

ஓப்பன்வீபிஎன் கதை வேறு. அதன் வேலையே கிளைகளின் சான்றிதழை வாங்கி வாசிப்பது. வெல்லாவெளியிலிருந்து வருகிறது என்றாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றாலும் வாசித்துப் பார்த்தால்தான் அதற்குத் தெரியும். அதோடு ஓப்பன்வீபிஎன் 2 வரிசை ஒற்றை இழையில் ஓடுவது. என்ஜின்எக்ஸ் போன்றவற்றில் பல வேலையாள் புரொசஸ்கள் இருக்கும், ஒன்று மாட்டினால் மற்றவை ஓடும். இங்கே எல்லாக் கிளைகளின் பாக்கெட்டும் ஒரே புரொசஸ் வழியாகப் போகிறது. ஒரு சான்றிதழ் மாட்டினால் படுவான்கரை முழுக்க அறுந்துவிடும்.

அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்த்தால் தாக்குதல் மாதிரியே இருக்காது. புரொசஸ் செத்துப் போவதில்லை. சர்வீஸ் ‘ஓடுகிறது’ என்று பச்சையில்தான் காட்டும், ஆகவே விழுந்தால் தானாக எழுப்பு என்று நீங்கள் சிஸ்டம்டியில் (சர்வீஸ்களை எழுப்பி நிறுத்தும் லினக்ஸ் பகுதி) எழுதிவைத்தது வேலை செய்யாது. லொக்கில் புது வரி ஒன்றும் வராது. ட்ராபிக் கூடவில்லை, லைனும் நல்லாத்தான் இருக்கும். டாப் என்ற கட்டளை போட்டுப் பார்த்தால் மட்டும் ஓப்பன்வீபிஎன் ஒரு கோரை 100 வீதத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் அதுவும் இழுபடும். மெதுவாக நிறுத்தச் சொல்லும் சிக்னலைக் கவனிக்கவேண்டிய புரொசஸ் லூப்புக்குள் நிற்கிறது, சிஸ்டம்டி தன் வழமையான 90 வினாடி பார்த்துவிட்டுத்தான் அடித்துக் கொல்லும். எழும்பியதும் அவன் திரும்ப ஒன்றை அனுப்பினால் திரும்ப அதே நிலை. அந்த நேரத்தில் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியைக் கொளுவி அழைப்பு வரிசையைப் பார்த்தால் ‘பிஎன் மொட் எஸ்கியூஆர்டி’ என்ற பங்ஷனின் பெயர் நிற்கும். அது நின்றால் வேறு சாட்சி வேண்டாம்.

இனி, சேவைதான் நிற்கும் என்பதன் அர்த்தத்தைக் கிளையில் போய்ப் பாருங்கள். பெரும்போக விதைப்புக்கு முன் விதைநெல்லுக்கும் உழவுக் கூலிக்கும் கடன் எடுக்கச் சனம் வருகிற கிழமை. அடகு நகையை மீட்க ஒரு அம்மா காசோடு வந்து நிற்கிறா. கணக்கு மெயின் சேவரில், நகை அலுமாரியில். கிளைக் கணினியில் வட்டி எவ்வளவு என்று காட்டாது. “நாளைக்கு வாங்க” என்று சொல்லலாம். அவவுக்கு அது ஒருநாள் கூலியும் பஸ் காசும். தகவல் ஒன்றும் வெளியே போகவில்லை என்று அறிக்கை எழுதுகிறவர் சொல்வது மெய்தான். அவர் அந்தக் கவுன்ரரில் நிற்கவில்லை.

இதற்கு ஒரு நல்ல தடுப்பு, திருத்தம் போட்டாலும் போடாவிட்டாலும் வைத்திருக்கவேண்டியது: ஓப்பன்வீபிஎன்னில் உள்ள டிஎல்எஸ்-க்ரிப்ட். எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான ஒரு சாவிக் கோப்பு. அந்தச் சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டை, சான்றிதழ் கட்டத்துக்கே விடாமல் வாசலிலேயே தள்ளிவிடும். உபுண்டு 20.04இல் உள்ள 2.4 பதிப்பில் இது இருக்கிறது. பழைய டிஎல்எஸ்-ஆத் போட்டிருந்தாலும் இந்த விசயத்துக்குப் போதும். கொன்பிக் கோப்பில் இரண்டில் ஒன்று இருக்கிறதா என்று இப்பவே பாருங்கள். இருந்தால் வெளியாளுக்கு வழி அடைபட்டுவிட்டது. சாவிக் கோப்போடு காணாமல்போன லப்டொப், வேலையை விட்டுப் போனவர் ஆகிய இரண்டும்தான் மிச்சம்.

இல்லையென்றால் சேர்க்கவேண்டும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வீபிஎன்னில் வீபிஎன் வழியாகவே இருந்துகொண்டு மாற்றாதீர்கள். சேவரில் மாற்றிய அடுத்த நிமிடம் பழைய கொன்பிக்கோடு நிற்கும் கிளை எல்லாம் வெளியே நிற்கும், நீங்கள் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டிருப்புப் பாலம் தாண்டி ஒவ்வொரு கிளையாக ஓடவேண்டி வரும். அதே சேவரில் வேறொரு போர்ட்டில் இரண்டாவது ஓப்பன்வீபிஎன்னை டிஎல்எஸ்-க்ரிப்டோடு எழுப்புங்கள். கிளைகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றி, கடைசிக் கிளையும் வந்தபிறகு பழைய போர்ட்டை மூடுங்கள். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தேவையில்லை, வேலை நாளிலேயே செய்யலாம்.

சேவர் வெளியே போய் வாசிக்கும் சான்றிதழ்களும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுவார்கள். எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்தோடு பேசும்போது உங்கள் சேவர்தான் வாடிக்கையாளர், அவர்களின் சான்றிதழை அது வாசிக்கிறது. அங்கே கெடுதல் செய்ய நடுவில் எவனாவது புகவேண்டும், ஆகவே அவசரம் குறைவு. மெயில் சேவர் வைத்திருந்தால் அப்படி இல்லை. எவனும் தன் டொமைனிலிருந்து, உங்களிடம் இல்லாத ஒரு முகவரிக்கு மெயில் அனுப்புகிறான் என்று வையுங்கள். அதை ஏற்றுக்கொண்டுவிட்டுப் பிறகு திருப்பி அனுப்புகிற மாதிரி உங்கள் மெயில் சேவர் அமைக்கப்பட்டிருந்தால், அது தானாகவே அவனுடைய சேவரைத் தேடிப் போய் அவன் நீட்டுகிற சான்றிதழை வாசிக்கும்.

இனி அந்த ‘எஃப்’ விசயம். உபுண்டு, டெபியன் போன்றவர்கள் பொதுவாக ஒரு வெளியீட்டுக்குள் பதிப்பை மாற்றுவதில்லை. புதுப் பதிப்பிலிருந்து பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பழைய பதிப்பில் தைத்துவிடுவார்கள். ஆகவே 1.1.1எஃப் என்ற எழுத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லமுடியாது. அதற்குப் பின்னால் ‘உபுண்டு’ என்று வரும் நீண்ட வாலைப் பார்க்கவேண்டும். பாக்கேஜின் சேஞ்ச்லொக்கை (மாற்றங்களின் பட்டியல்) திறந்து சிவிஇ-2022-0778 என்று தேடுங்கள். அந்த வரி இருந்தால் திருத்தம் உள்ளே இருக்கிறது. கணக்காய்வாளரின் ஸ்கேனர் வெளியில் தெரியும் பதிப்பு எழுத்தை மட்டும் வாசித்து முடிவுக்கு வந்திருக்கும்.

அறிக்கையைப் பச்சையாக்க வேண்டும் என்று 1.1.1என்னை இறக்கி நீங்களே கொம்பைல் பண்ணிச் சிஸ்டத்தின் லைப்ரரிக்கு மேல் போட்டுவிடாதீர்கள். யூடியூப்பில் காட்டுவார்கள். அதற்குப் பிறகு வரும் ஒரு திருத்தமும் அந்த லைப்ரரிக்கு வராது, நீங்கள்தான் ஆயுளுக்கும் அதற்குக் காவல்.

திருத்தம் பாக்கேஜில் வந்துவிட்டது என்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் புரொசஸுக்கும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஓட்டை இருந்தது லிப்க்ரிப்டோ என்ற கோப்பில். ஓப்பன்வீபிஎன் தொடங்கிய நாளில் எந்தப் பிரதியை நினைவகத்துக்கு எடுத்ததோ அதையேதான் இன்றைக்கும் பாவிக்கும், டிஸ்க்கில் நீங்கள் எதை மாற்றினாலும். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையைப் போட்டு, அழிக்கப்பட்ட லிப்க்ரிப்டோவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புரொசஸ் இருக்கிறதா என்று பாருங்கள். நீட்ரீஸ்டார்ட் என்ற கருவியும் இதைச் சொல்லும். அப்டைம் 400 நாள் என்று பெருமையாகக் காட்டுகிற சேவர்களில்தான் இது அதிகம்.

உண்மையில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் போய்ப் பார்ப்பது கிளைகளில் இருக்கும் ரவுட்டர்களை. அவற்றுக்குள்ளும் ஓப்பன்எஸ்எஸ்எல் அல்லது அதிலிருந்து பிரிந்த லைப்ரரிகளில் ஒன்று இருக்கக்கூடும். இதே ஓட்டை அப்படிப் பிரிந்த லிப்ரஎஸ்எஸ்எல்லிலும் இருந்து அவர்களும் அதே மார்ச்சில் திருத்தினார்கள். ரவுட்டரின் பேம்வெயார் 2022 மார்ச்சுக்கு முந்தியது என்றால் அதில் ஓட்டை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கமரா பதிவுப் பெட்டி, பக்அப் எடுக்கும் நாஸ் ஆகியவற்றுக்கும் இதே கணக்கு. மென்பொருள் எழுதித் தந்தவர்கள் நோட்ஜேஎஸ்ஸில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தனக்குள்ளேயே ஒரு ஓப்பன்எஸ்எஸ்எல்லை வைத்திருக்கும், டொக்கர் இமேஜ்களும் பெரும்பாலும் அப்படித்தான். சிஸ்டத்துக்குப் போட்ட அப்டேட் இவை ஒன்றையும் தொடாது. ஸ்கேனரும் இவற்றுக்குள் எட்டிப் பார்த்திருக்காது.

செலவில் ஒன்று மிச்சம் பிடிக்கலாம். 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற வேறொரு ஓட்டை வந்தபோது நினைவகத்திலிருந்து ஒருதரத்துக்கு 64 கிலோபைட் வரை வெளியே கசிந்தது, தனிச் சாவியும் போயிருக்கலாம் என்பதால் உலகமே சான்றிதழ்களை மாற்றியது. இங்கே ஒரு பைட்டும் கசிவதில்லை. ஆகவே சாவிகளை மாற்றவோ, சான்றிதழ்களைப் புதிதாக வாங்கவோ, உறுப்பினர்களின் பாஸ்வேர்ட்டை எல்லாம் மாற்றச் சொல்லவோ தேவையில்லை. யாராவது அதற்கு விலைமனு தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கணக்காய்வாளருக்கு எழுதும் பதிலில் பாக்கேஜின் முழுப் பதிப்பு இலக்கம், சேஞ்ச்லொக்கில் உள்ள அந்த வரி, சர்வீஸ்களை ரீஸ்டார்ட் பண்ணிய திகதி, டிஎல்எஸ்-க்ரிப்ட் போட்ட திகதி ஆகிய நான்கையும் போடுங்கள். அவர்களுக்கு வேண்டியது சான்று. புதுச் சேவர் அடுத்த வருசம் என்பதை மட்டும் முன்னுக்குக் கொண்டுவரப் பாருங்கள். இந்த ஓட்டைக்காக இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 வரிசையை அதை எழுதியவர்களே 2023 செப்டெம்பர் 11உடன் கைவிட்டுவிட்டார்கள், உபுண்டு 20.04க்கான வழமையான ஆதரவும் 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு வந்த ஓட்டைகளுக்குச் சேஞ்ச்லொக்கில் தேடினால் வரி இருக்காது. காசு வரும்வரை காத்திருக்க வேண்டுமென்றாலும், இருக்கிற பெட்டியிலேயே 22.04க்கு ஏறலாம். பக்அப் எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.